கியர் சைக்கிள் மக்கர் செய்தால்: குமரி மாவட்டத் தடங்களுக்கான பிழை நீக்கும் வழிமுறை

எம்.டி.பி. என்கிற மலைத்தடச் சைக்கிளில் எது கெட்டாலும், ஆலன் கீயைக் கையில் எடுக்கும் முன் ஒன்றைக் கேட்டுக்கொள்ளுங்கள்: கடைசி இரண்டு ஓட்டமும் எந்தப் பக்கம்? நம் மாவட்டத்தில் பாதிக் கோளாறுக்கு விடை அங்கேயே இருக்கிறது. குலசேகரம், பேச்சிப்பாறை, பெருஞ்சாணி பக்கத்து ரப்பர் தோட்டங்களில் ஓட்டியிருந்தால் ஈரச் செம்மண் செயினையும் பிரேக் பேடையும் தின்றிருக்கும். ஆரல்வாய்மொழி, அஞ்சுகிராமம், மருத்துவாழ்மலை அடிவாரம் என்றால் முள், தூசி. முட்டம், சொத்தவிளை, தேங்காய்ப்பட்டணம் என்று கடலோரமாகப் போயிருந்தால் உப்பு, மணல். தென்மேற்கு, வடகிழக்கு இரண்டு பருவமழையும் நனைக்கிற ஊர் இது. பெட்டியோடு வரும் கையேட்டில் சொல்லும் பராமரிப்புக் கெடுவை இங்கே பாதியாகக் குறைத்துக்கொள்வதுதான் புத்தி.

கீழே ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவில்லாத காரணம் முதலில், செலவு கூடியது கடைசியில். வரிசையைத் தாண்டாதீர்கள்.

## டயரில் காற்று நிற்கவில்லை

### ராத்திரி அடித்த காற்று காலையில் இல்லை

முதலில் வால்வு. வால்வு நுனியில் சோப்புத் தண்ணீர் ஒரு சொட்டு விடுங்கள். குமிழி வந்தால் உள் பின்னை இறுக்கினால் போதும், டியூப்பைக் கழற்ற வேண்டாம்.

வால்வு நன்றாக இருந்தால் முள்தான். சீமைக்கருவேல முள் டயரில் ஏறியதும் வெளியே நீட்டிய பகுதி தரையில் உரசி ஒடிந்துவிடும், 2 மி.மீ. நுனி மட்டும் உள்ளே நிற்கும். வெளியே பார்த்தால் ரப்பரில் ஒரு பழுப்புப் புள்ளி, அவ்வளவுதான். கழற்றிய டயரின் உள்ளே விரலை ஓட்டினால் பல நேரம் தட்டுப்படாது, ஏனென்றால் ஆள் பாரம் இல்லாதபோது நுனி ரப்பருக்குள் பதுங்கிக்கொள்ளும். டயரை உட்புறம் வெளியே வரும்படி மடக்கிப் பிடித்து, ஒரு சாண் ஒரு சாணாகப் பஞ்சால் துடையுங்கள். இழை எங்கே சிக்குகிறதோ அங்கேதான் முள். ஒடிந்த ஸ்போக் துண்டால் உள்ளிருந்து வெளியே தள்ளுங்கள். ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள்: சீமைக்கருவேலத்தில் முள் ஜோடி ஜோடியாகத்தான் இருக்கும். இரண்டாவதை விட்டுவிட்டுப் புது டியூப் போட்டால் நாளைக் காலையும் இதே வேலைதான்.

இடத்தைச் சீக்கிரம் பிடிக்க ஒரு வழி உண்டு. டயர் மாட்டும்போது கம்பெனிப் பெயர் எப்போதும் வால்வுக்கு நேராக வரும்படி மாட்டுங்கள். டியூப்பில் ஓட்டை வால்விலிருந்து எத்தனை சாண் தள்ளியிருக்கிறதோ, டயரிலும் முள் அங்கேயே இருக்கும்.

ஒட்டும்போது அவசரம் வேண்டாம். டியூப்பை உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷனை மெல்லியதாகப் பூசி, பளபளப்பு அடங்கும் வரை 5 நிமிடம் விடுங்கள். ஈரமாக இருக்கும்போதே பேட்சை வைப்பதால்தான் பாதி வழியில் பிய்ந்துகொள்கிறது.

### ஓட்டும்போதே புஸ்ஸென்று இறங்கியது

டியூப்பில் பக்கத்துப் பக்கம் இரண்டு கீறல் இருந்தால் முள்ளைத் தேட வேண்டாம். காற்று குறைவாக இருந்ததால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவே டியூப் நசுங்கியிருக்கிறது. 70 கிலோ ஆளுக்கு 2.1 முதல் 2.25 அங்குல டயரில், டியூப் போட்டிருந்தால், முன்னால் 26 முதல் 28, பின்னால் 30 முதல் 32 பி.எஸ்.ஐ. வைத்துப் பாருங்கள். கடற்கரை மணலுக்காகக் காற்றைக் குறைத்தவர்கள், பாறையும் சரலும் வருவதற்கு முன் திரும்ப அடித்துக்கொள்ள வேண்டும். இங்கே மணலும் பாறையும் பக்கத்துப் பக்கம் இருப்பதால் இதில்தான் அதிகம் பேர் மாட்டிக்கொள்கிறார்கள்.

ஓட்டை ரிம் பக்கமாக இருந்தால் ரிம் டேப் விலகியிருக்கிறது. வால்வின் அடியில் கிழிந்திருந்தால் ஒட்ட முடியாது, டியூப்பை மாற்றுங்கள். டயரின் பக்கச் சுவர் விரல் நுழையும் அளவு கிழிந்திருந்தால், மடித்த பிளாஸ்டிக் கவரை உள்ளே வைத்து வீடு வந்து சேரலாம். அந்த டயரை அதற்குமேல் நம்ப வேண்டாம்.

பிரெஸ்டா வால்வு (நுனியில் சின்னத் திருகுள்ள மெல்லிய வால்வு) வைத்திருப்பவர்கள் பித்தளை அடாப்டர் ஒன்றை எப்போதும் பையில் வையுங்கள். ஊர் பஞ்சர் கடை ஹோஸ் பைக் வால்வுக்குத்தான் பொருந்தும். பெட்ரோல் பங்க்கில் அடிப்பதானால் தட்டித் தட்டி அடியுங்கள், சைக்கிள் டயரின் சின்னக் கொள்ளளவுக்கு அந்த அழுத்தம் ஒரு நொடியில் ஏறிவிடும்.

### டியூப்லெஸ் போட்டும் இறங்குகிறது

டியூப் இல்லாத டயரில் ஓட்டையை அடைக்க ஊற்றும் சீலன்ட் திரவம் காய்ந்திருக்கும். நம்மூர் வெயிலில் 2, 3 மாதத்துக்கு ஒருமுறை பார்க்க வேண்டும். வால்வின் உள்பின்னான கோரைக் கழற்றி, மெல்லிய குச்சியை உள்ளே விட்டு எடுங்கள். ஈரம் இல்லையென்றால் 29 அங்குல டயருக்கு 90 முதல் 100 மி.லி. ஊற்றுங்கள். கிழக்குப் பக்கமே அதிகம் ஓட்டுபவருக்கு டியூப்லெஸ் செலவு ஒரே சீசனில் மிச்சமாகும் என்பது என் கருத்து. மேற்கே ரப்பர் தோட்டத்தில் மட்டும் ஓட்டுபவருக்கு அவசரமில்லை, அந்தக் காசுக்கு நல்ல பல்லுள்ள டயர் வாங்கலாம்.

கைக்கெட்டும் தூரத்தில் ரப்பர் பால் கிடைக்கிறதே என்று அதை ஊற்ற வேண்டாம். பச்சைப் பால் சில மணி நேரத்தில் உறைந்து கட்டியாகும், டயருக்குள் உருண்டையாக உருளும். அமோனியா கலந்து வைத்த பால் அலுமினிய ரிம்மைப் பதம் பார்க்கும்.

## சவுட்டும்போது செயின் வழுக்குகிறது

ஏற்றத்தில் எழுந்து நின்று சவுட்டும்போது பெடல் திடீரென்று காலுக்கடியில் நழுவும். விழுந்து முட்டு உடையும் ஆபத்து உள்ள கோளாறு இது, தள்ளிப்போடாதீர்கள்.

எல்லாப் பல்லிலும் வழுக்குகிறதா, ஒன்றிரண்டிலா? ஒன்றிரண்டில் மட்டும் என்றால் முதலில் கேபிள் இழுவை. பெரிய பல்லுக்கு ஏறத் தயங்கினால் டீரெய்லரில் (பின்னால் செயினைப் பல் மாற்றும் பாகம்) கேபிள் நுழையும் இடத்தில் உள்ள திருகைக் கடிகார முள்ளுக்கு எதிர்த் திசையில் கால் சுற்று. சின்னப் பல்லுக்கு இறங்கத் தயங்கினால் கடிகாரத் திசையில் கால் சுற்று. ஒவ்வொரு கால் சுற்றுக்கும் ஒருமுறை சவுட்டிப் பாருங்கள்.

ஒரே தாளத்தில் துள்ளுகிறதா? பெடலை மெதுவாகப் பின்னோக்கிச் சுற்றி, செயின் டீரெய்லரின் சின்னச் சக்கரங்களைக் கடப்பதைக் கவனியுங்கள். ஓரிடத்தில் மடங்கி எழுந்தால் அந்தக் கண்ணி இறுகியிருக்கிறது. கடலோர ஓட்டத்துக்குப் பிறகு கழுவாமல் வைத்தால் இரண்டே நாளில் இது வரும். எண்ணெய் ஒரு சொட்டு விட்டு, கண்ணியைப் பக்கவாட்டில் இரண்டு கையாலும் மெல்ல வளைத்துத் தளர்த்துங்கள்.

அப்படியும் வழுக்கினால் செயினை அளக்க வேண்டும். இரும்பு ஸ்கேல் ஒன்று போதும். ஒரு பின்னின் மையத்தில் 0 வையுங்கள், செயினை இழுத்துப் பிடியுங்கள். 12 அங்குலக் கோட்டில் இன்னொரு பின்னின் மையம் சரியாக விழுந்தால் செயின் நன்றாக இருக்கிறது. 1/16 அங்குலம் தள்ளிப்போயிருந்தால் செயினை மட்டும் மாற்றுங்கள். 1/8 தள்ளியிருந்தால் கேசட்டும் (பின்சக்கரப் பல்தொகுப்பு) தேய்ந்திருக்கும். புதுச் செயின் பழைய பல்லில் முன்பைவிட மோசமாக வழுக்கும். மழைக்காலத்தில் மாதம் ஒருமுறை இந்த ஸ்கேலை வைத்துப் பார்ப்பவர், ஒரு கேசட்டுக்கு இரண்டு மூன்று செயின் மாற்றி ஓட்டிவிடுவார். பார்க்காதவர் ஒவ்வொரு முறையும் இரண்டுக்கும் காசு கொடுப்பார்.

எண்ணெய் பற்றி ஒரு வார்த்தை. வீட்டில் தேங்காய் எண்ணெய் எப்போதும் இருக்கிறது என்பதால் கை அதற்குத்தான் போகும். வேண்டாம், செம்மண்ணைப் பிடித்துவைக்கும். ஒர்க்‌ஷாப்பில் சும்மா கிடைக்கும் கழிவு ஆயிலில் இரும்புத் துகள் இருக்கும், அதுவும் வேண்டாம். மழைக்கு ‘வெட்’ வகை, கோடைக்கு ‘டிரை’ வகை செயின் லூப். கண்ணி ஒவ்வொன்றின் உருளையிலும் ஒரு சொட்டு, 10 நிமிடம் பொறுத்து, வெளியே இருப்பதை முழுக்கத் துடைத்துவிடுங்கள். துணியில் கருப்பு வருவது நிற்கும் வரை துடைக்க வேண்டும்.

## கியர் மாறவில்லை, தானாக மாறுகிறது

சைக்கிள் வலது பக்கமாக விழுந்ததா? அப்படியானால் கேபிளைத் தொடாதீர்கள். பின்னால் குனிந்து, டீரெய்லரின் இரண்டு சின்னச் சக்கரங்களும் மேலே உள்ள பல்லோடு ஒரே நேர்கோட்டில் தொங்குகின்றனவா என்று பாருங்கள். கீழ்ச்சக்கரம் ஸ்போக்கை நோக்கிச் சாய்ந்திருந்தால் ஹேங்கர் (டீரெய்லரை ஃபிரேமோடு பிடிக்கும் துண்டு) வளைந்திருக்கிறது. கையால் இழுத்து நிமிர்த்திக்கொண்டு ஓட்டினால் கடைசிப் பெரிய பல்லுக்குப் போகும்போது டீரெய்லர் ஸ்போக்குக்குள் விழும். டீரெய்லர், செயின், சக்கரம் மூன்றும் ஒரே நொடியில் போகும். வீடு வரும்வரை பெரிய இரண்டு பல்லைத் தொடாமல் ஓட்டுங்கள். அளவுகோல் கருவி உள்ள கடையில் ஒருமுறை நிமிர்த்தலாம். மறுமுறை வளைந்தால் மாற்றுவதே நல்லது. ஹேங்கர் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் தனி வடிவம் என்பதால், சைக்கிள் வாங்கும் அன்றே கூடுதலாக ஒன்று வாங்கிப் பையில் போடுங்கள்.

விழவில்லை, ஆனால் சின்னப் பல்லுக்கு இறங்க மறுக்கிறது என்றால் கேபிள் உள்ளே துருப்பிடித்திருக்கும். உள்கம்பி, வெளியுறை இரண்டையும் சேர்த்து மாற்றுங்கள். கியர் வெளியுறை 4 மி.மீ., பிரேக் வெளியுறை 5 மி.மீ. கியர் உறையைப் பிரேக்குக்கு ஒருபோதும் போடக்கூடாது. அழுத்திப் பிடிக்கும்போது உறை பிளந்து பிரேக்கே இல்லாமல் போகும்.

டீரெய்லரில் ‘எச்’, ‘எல்’ என்று பொறித்த இரண்டு திருகுகளையும் செயின் ஸ்போக்குப் பக்கமோ ஃபிரேம் பக்கமோ தாண்டி விழுந்தால் மட்டும் தொடுங்கள். வேறு எந்த அறிகுறிக்கும் அவை மருந்தல்ல.

## டிஸ்க் பிரேக்

### கத்துகிறது

மழையிலும் ஓடையைக் கடந்த பிறகும் கத்துவது இயல்பு; நாலைந்து முறை பிடித்து விட்டால் காய்ந்து அடங்கும். காய்ந்த பிறகும் கத்தி, பிடியும் குறைந்தால் ரோட்டாரில் (பேட் பிடிக்கும் இரும்புத் தட்டு) எண்ணெய் பட்டிருக்கிறது. செயினுக்கு ஸ்பிரே அடித்ததில் தெறித்திருக்கும். ரோட்டாரை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால், சுத்தமான துணியால் துடையுங்கள். பேடைக் கழற்றி, கண்ணாடி போல் பளபளக்கும் மேற்பரப்பை உப்புத்தாளில் தேய்த்து மங்கலாக்குங்கள். எண்ணெய் ஊறி உள்ளே இறங்கியிருந்தால் எந்த வைத்தியமும் பலிக்காது, புது பேட்தான். மாட்டியதும் ஆளில்லாத சாலையில் வேகமெடுத்து, சக்கரம் பூட்டாமல், நடை வேகம் வரை இறக்குவதை 20 முறை செய்யுங்கள்.

கடற்கரைக்குப் பிறகு கரகரவென்று அறுப்பது போலச் சத்தம் வந்தால் அது வேறு. மணவாளக்குறிச்சி பக்கத்துக் கருமணலில் இல்மனைட், கார்னெட் எல்லாம் கலந்திருக்கும், கடினமானது. பேடுக்குள் பதிந்துவிட்டால் ரோட்டாரை உழுதுவிடும். பிரேக் பிடிப்பதற்கு முன் பாட்டில் தண்ணீரைக் கேலிப்பரில் (பேடைத் தாங்கும் பாகம்) ஊற்றிக் கழுவுங்கள். இந்தத் தண்ணீருக்கு ஒரு பாட்டில் தனியாக எடுத்துப் போவது வீண் பாரமல்ல.

### சுற்றுக்கு ஒருமுறை உரசுகிறது

கேலிப்பரின் இரண்டு போல்ட்டையும் அரைச் சுற்றுத் தளர்த்தி, பிரேக் லீவரை அழுத்திப் பிடித்தபடியே இரண்டையும் மாற்றி மாற்றி இறுக்குங்கள் (முறுக்கு விசை 6 முதல் 8 நியூட்டன் மீட்டர்). அதற்குப் பிறகும் ஓரிடத்தில் மட்டும் உரசினால் ரோட்டார் வளைந்திருக்கிறது. லேசான வளைவைச் சுத்தமான கையால் நிமிர்த்தலாம்.

### லீவர் கைப்பிடி வரை வந்துவிடுகிறது

கேபிள் பிரேக் என்றால் கேபிளை இழுத்துக் கட்டி, கேலிப்பரின் உள்பக்க பேடைத் திருகால் ரோட்டாருக்கு நெருக்கினால் முடிந்தது.

ஹைட்ராலிக் (கேபிளுக்குப் பதில் ஆயில் அழுத்தத்தில் வேலை செய்வது) என்றால் இந்த வரிசை. பேடின் லைனிங் 0.5 மி.மீ.க்குக் கீழே போயிருக்கிறதா? ரப்பர் தோட்டத்துச் சேற்றில் ஒரே மழை ஓட்டத்தில் ரெசின் பேட் முடிந்துபோவதுண்டு. சின்டர்டு (உலோகத் தூளால் ஆன) பேட் கூடுதலாக உழைக்கும், ஆனால் ரோட்டாரில் ‘ரெசின் பேட் ஒன்லி’ என்று பொறித்திருந்தால் அதைப் போடக்கூடாது. பேட் நன்றாக இருந்தால், பஞ்சர் பார்க்கச் சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்தீர்களா? லீவரின் ஆயில் தொட்டியில் இருந்த காற்று குழாய்க்குள் இறங்கியிருக்கும். நிமிர்த்தி வைத்து, லீவரை இருபது முப்பது முறை அழுத்தி, ராத்திரி முழுக்க ரப்பர் பேண்டால் கட்டி வையுங்கள். காலையில் கெட்டியாகியிருந்தால் செலவில்லை. இல்லையென்றால் பிளீடிங், அதாவது குழாயில் சிக்கிய காற்றை வெளியேற்றும் வேலை, செய்ய வேண்டும்.

கடைக்குப் போகும் கட்டம் இது. கேலிப்பரில் கசிவு தெரிந்தாலும் அப்படியே. ஒன்றில் மட்டும் உறுதியாக இருங்கள்: ஷிமானோ, டெக்ட்ரோ பிரேக்குகளுக்கு மினரல் ஆயில். மோட்டார் பைக் ஒர்க்‌ஷாப்பில் இருப்பது டாட் ஆயில். நல்ல எண்ணத்தோடு ஊற்றித் தருவார்கள், சில நாளில் உள்ளிருக்கும் சீல் எல்லாம் ஊதி பிரேக் முழுதும் வீணாகும். எஸ்ராமின் பழைய மாடல்கள் பெரும்பாலும் டாட். லீவர் மூடியில் எழுதியிருப்பதைக் காட்டிச் சொல்லிவிட்டு வாருங்கள். ரோட்டார் கனம் 1.5 மி.மீ.க்கு வந்திருந்தால் அதையும் அதே நாளில் மாற்றச் சொல்லுங்கள்.

## கிரீச், டக் டக்: சத்தம் எங்கிருந்து?

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் கழற்றுங்கள். நாலைச் சேர்த்துக் கழற்றினால் எது குற்றவாளி என்று கடைசிவரை தெரியாது.

எழுந்து நின்று ஓட்டினால் சத்தம் நிற்கிறது: சீட் போஸ்ட் (சீட்டைத் தாங்கும் குழாய்). கடலோர ஊர்க்காரர்களுக்கு முதல் காரணம் இதுதான். வெளியே எடுத்து உப்பையும் மணலையும் துடைத்து, கிரீஸ் பூசிப் போடுங்கள். மாதம் ஒருமுறை எடுத்துப் போடாவிட்டால், இரும்பு ஃபிரேமுக்குள் அலுமினியப் போஸ்ட் அப்படியே பிடித்துக்கொள்ளும். பிறகு அறுத்துத்தான் எடுக்க வேண்டிவரும். கார்பன் என்றால் கிரீஸ் கூடாது, கார்பன் பேஸ்ட்.

பெடல் சுற்றுக்கு ஒருமுறை: பெடலைக் கழற்றி, மரையில் கிரீஸ் தடவி இறுக்குங்கள். இடப் பெடலுக்கு மரை தலைகீழ், நினைவிருக்கட்டும். அடுத்து கிராங்க்கை (பெடலைத் தாங்கும் கை) பிடித்துப் பக்கவாட்டில் ஆட்டுங்கள். ஒரு கிராங்க் மட்டும் ஆடினால் அதன் போல்ட் தளர்ந்திருக்கிறது; சதுர அச்சுள்ள கிராங்க்கை ஆட ஆட ஓட்டினால் அலுமினியத் துளை வட்டமாகி, இறுக்கினாலும் நிற்காது. இரண்டும் சேர்ந்து ஆடினால் பாட்டம் பிராக்கெட் (கிராங்க் அச்சு சுற்றும் பேரிங்) போயிருக்கிறது. மரை வகைக்குச் சரியான டூல் இருந்தால் நீங்களே மாற்றலாம் (வலப்பக்கக் கப்புக்கு மரை தலைகீழ்), பிரஸ்ஃபிட் (மரையில்லாமல் அழுத்திப் பொருத்திய வகை) என்றால் கடைக்குக் கொடுங்கள்.

முன்பிரேக்கைப் பிடித்து ஆட்டினால் டொக்கென்கிறது: ஹெட்செட் (ஹேண்டில் திரும்பும் பேரிங்) தளர்வு. ஸ்டெம் (ஹேண்டிலைப் பிடிக்கும் துண்டு) பக்கவாட்டு போல்ட்டுகளைத் தளர்த்தி, மேல்மூடி போல்ட்டை ஆட்டம் நிற்கும் வரை மட்டும் இறுக்கி, பிறகு பக்கவாட்டை இறுக்குங்கள் (5, 6 நியூட்டன் மீட்டர்).

எதிலும் பிடிபடவில்லை என்றால் ஃபிரேமைத் துடைத்துவிட்டு வெயிலில் பாருங்கள்: ஹெட் டியூப் வெல்டு, பாட்டம் பிராக்கெட்டைச் சுற்றி, சீட் டியூப் மேல்முனை. பெயின்ட்டில் மயிரிழைக் கீறல் தெரிந்தால் அன்றோடு அந்தச் சைக்கிளை நிறுத்துங்கள்.

## ஃபோர்க் இறங்கவில்லை, இறங்கினால் ஏறவில்லை

ஃபோர்க் (முன்சக்கரத்தின் அதிர்வு தாங்கும் கால்) அசையாமல் நிறுத்தும் லாக் போட்டிருக்கிறதா என்று பாருங்கள். சிரிக்க வேண்டாம், அடிக்கடி நடப்பதுதான். ஸ்பிரிங் ஃபோர்க்கில் இரும்புக் காலில் துருப்புள்ளி தெரிந்தால் சீலை அது கிழிக்கும்; கடலோரம் போய் வந்த அன்றே ஈரத்துணியால் துடைத்து, ஒரு துளி சிலிக்கோன் எண்ணெய். ஏர் ஃபோர்க் என்றால் ஏறி உட்காரும்போது 100 மி.மீ.யில் 15 முதல் 20 மி.மீ. இறங்க வேண்டும், ஷாக் பம்பால் மட்டுமே காற்று. காலில் எண்ணெய் வளையம் திரும்பத் திரும்ப வந்தாலோ, நகத்தில் தட்டுப்படும் கீறல் இருந்தாலோ நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ ஃபோர்க் சர்வீஸ் தெரிந்தவரிடம் கொடுங்கள்.

## சக்கரம் ஆடுகிறது, ஸ்போக் ஒடிந்தது

பின்சக்கர வலப்பக்கம்தான் முதலில் ஒடியும். ஒன்று என்றால் அடுத்த ஸ்போக்கில் சுற்றிக் கட்டிக்கொண்டு மெதுவாக வரலாம். ஒரே பக்கம் இரண்டு ஒடிந்தால் தள்ளிக்கொண்டு வாருங்கள்.

கோட்டம் எடுக்க விலையுயர்ந்த கடையைத் தேட வேண்டியதில்லை. பல வருடம் ரிம் கட்டிப் பழகிய ஊர் சைக்கிள் கடை அண்ணாச்சியின் கை இதில் யாருக்கும் குறைந்ததல்ல. சக்கரத்தை மட்டும் கழற்றி எடுத்துப் போங்கள். “அண்ணாச்சி, இந்தத் தட்டுல எண்ணெய்க் கை படாம பாத்துக்கிடுங்க” என்று ரோட்டாரைக் காட்டிச் சொல்லிவிடுங்கள். கேலிப்பர் நடுவே ஒரு அட்டையைச் செருகி வையுங்கள், சக்கரம் இல்லாதபோது யாராவது லீவரை அழுத்தினால் பிஸ்டன் வெளியே வந்துவிடும்.

## சவுட்டியும் வண்டி நகரவில்லை

ஜூன் முதல் செப்டம்பர் வரை ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்றில் எந்தச் சைக்கிளும் இப்படித்தான் தோன்றும். ஆனாலும் பழியைக் காற்றின்மேல் போடும் முன் சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிப் பாருங்கள். ஐந்தாறு சுற்றுக்குள் நின்றால் பிரேக் உரசுகிறது அல்லது ஹப் பேரிங் இறுகியிருக்கிறது.

பெடல் முன்னோக்கியும் காற்றில் சுற்றுகிறது, சக்கரம் அசையவே இல்லை என்றால் அது ஃப்ரீவீல் (முன்னோக்கிச் சவுட்டும்போது மட்டும் சக்கரத்தைப் பிடிக்கும் பொறி). பரளியாற்றிலோ ஓடையிலோ ஹப் முங்கும் ஆழத்தில் கடந்த பிறகு, ஓரிரு நாளில் தலைகாட்டும். உள்ளிருக்கும் நாக்குகள் துருவிலோ கெட்டியான கிரீஸிலோ ஒட்டிக்கொண்டு பல்லைப் பிடிக்காமல் நிற்கும். காட்டுவழியில் மாட்டிக்கொண்டால் ஹப் பக்கம் கட்டையால் மெல்லத் தட்டிக்கொண்டே பெடலைச் சுற்றுங்கள், சில நேரம் விடுபட்டு வீடு சேர்க்கும். மரை ஃப்ரீவீல் என்றால் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, காயவைத்து, தையல் மெஷின் எண்ணெய் விடலாம். பிடிக்காவிட்டால் புதியது வாங்குவது மலிவு. கேசட் ஹப் என்றால் மண்ணெண்ணெய் ஊற்ற வேண்டாம், சீல் பேரிங்கின் கிரீஸைக் கரைத்துவிடும். ஃப்ரீஹப்பைத் திறந்து நாக்கும் ஸ்பிரிங்கும் துடைத்து மெல்லிய கிரீஸ் போடத் தெரிந்த கடையில் கொடுங்கள். அடுத்த முறை ஆற்றில் ஹப் முங்குமென்றால், சைக்கிளைத் தோளில் போட்டுக்கொண்டு கடப்பது நல்லது.